சென்னையில் முதல் வேலை: புறப்படும் முன்பும் முதல் மாதத்திலும் கவனிக்க வேண்டியவை

தென் மாவட்டங்களிலிருந்தோ டெல்டாவிலிருந்தோ கொங்குப் பகுதியிலிருந்தோ முதல் வேலைக்காகச் சென்னைக்கு வருகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான் வந்தபோது இந்தத் தகவல்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆளிடமிருந்து, பெரும்பாலும் காலம் கடந்த பிறகே கிடைத்தன. வேலை, அறை, பயணம், வங்கிக் கணக்கு என எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டிய அவசரத்தில்தான் புதியவர்கள் பணத்தை இழக்கிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசை முக்கியமானது. எந்தப் படியிலும் சரிபார்த்தல் முதலிலும் பணம் கொடுத்தல் கடைசியிலும் வர வேண்டும்.

1. நியமனக் கடிதத்தைச் சரிபார்க்காமல் ஊர்விட்டுக் கிளம்ப வேண்டாம்

கடிதம் வந்த மின்னஞ்சல் முகவரியில் நிறுவனத்தின் பெயர் எழுத்துப் பிழையின்றி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ‘கேரியர்ஸ்’, ‘எச்ஆர்’ போன்ற ஒட்டுச் சொல்லைச் சேர்த்துப் புதிதாகப் பதிவு செய்த முகவரிகளும், யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கக்கூடிய ஜிமெயில் முகவரிகளும் ஐயத்துக்குரியவை. அடுத்து, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்நிறுவனத்தின் பெயரைத் தேடினால், பதிவான ஆண்டு, பதிவு அலுவலக முகவரி, அது இன்னும் இயங்குகிறதா என்ற நிலை ஆகியவற்றைப் பார்க்கலாம். கடிதத்தில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை அழைத்து உறுதி செய்வதால் பயனில்லை. போலிக் கடிதம் தயாரித்தவர் தன் எண்ணைத்தான் அதில் போட்டிருப்பார். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.

பதிவுக் கட்டணம், மடிக்கணினிக்கான முன்பணம், பின்னணிச் சரிபார்ப்புக் கட்டணம், சீருடைக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும், ‘முதல் சம்பளத்தோடு திரும்பத் தரப்படும்’ என்று சொன்னாலும், பணம் கட்டாதீர்கள். முறையாக ஆளெடுக்கும் நிறுவனங்கள் இந்தச் செலவுகளைத் தாங்களே ஏற்கின்றன. ‘வேலை உறுதி’ என்று சொல்லிப் பயிற்சியில் சேர்க்கும் சில மையங்கள், கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்று கூறி உங்கள் பெயரில் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்குகின்றன. பயிற்சியை நீங்கள் பாதியில் விட்டாலும் கடன் உங்கள் பெயரிலேயே தொடரும், கிரெடிட் மதிப்பெண்ணும் சரியும்.

அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், ஒப்பிட்டுப் பார்க்க அனுமதிக்கலாம், ஆனால் அன்றே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். அவற்றை நிறுவனமே வைத்துக்கொள்ளும் என்று நியமனக் கடிதத்தில் நிபந்தனை இருந்தால், சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேள்வி கேளுங்கள். குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம் இருந்தால் அதன் கால அளவையும், விலகினால் கட்ட வேண்டிய தொகையையும் தனியே குறித்து வையுங்கள்.

சம்பளக் கணக்கையும் இப்போதே போட்டுப் பாருங்கள். கடிதத்தில் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்று இருந்தால் மாதம் 30,000 ரூபாய் கைக்கு வராது. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதிப் பங்கு, உங்கள் பங்கு, பல இடங்களில் பணிக்கொடையும் காப்பீடும் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். பல நிறுவனங்கள் 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்து மாதம் 1,800 ரூபாய் வீதம் இரு பங்குகளையும் கணக்கிடுகின்றன. அப்படிப் பார்த்தால் கைக்கு 26,000 ரூபாய்க்கு மேல் எதிர்பார்க்காமல் வாடகையைத் தீர்மானிப்பது நல்லது.

2. எடுத்துவர வேண்டிய ஆவணங்கள்

ஆதார், பான், பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், வங்கிக் கணக்குப் புத்தகம், ஏழெட்டுப் புகைப்படங்கள். பான் இல்லாதவர்கள் வருமான வரித் துறையின் இணையதளத்தில் ஆதாரைக் கொண்டு மின்னணு பானைக் கட்டணமின்றிப் பெறலாம்; இதற்கு இடைத்தரகர் தேவையில்லை. ஆதாரும் பானும் பெயரின் எழுத்திலும் முதலெழுத்திலும் ஒத்துப்போகின்றனவா என்று ஊரிலேயே பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்து முன்னாலும், ஆதாரில் தந்தையின் முழுப்பெயர் பின்னாலும் இருப்பது நம்மிடையே மிகச் சாதாரணம். வருங்கால வைப்புநிதிக் கணக்கு தொடங்கும்போது இந்த வேறுபாடு வாரக்கணக்கில் இழுத்தடிக்கும்.

ஆதாரோடு இணைந்த கைபேசி எண் உங்கள் கையில், ரீசார்ஜ் முடியாமல் இருக்க வேண்டும். அது அப்பாவின் எண்ணாக இருந்தால், ஒவ்வொரு ஓடிபிக்கும் ஊருக்கு அழைத்துக் கேட்க நேரும். பிறகு ஓடிபியைத் தொலைபேசியில் சொல்வதே உங்கள் வீட்டில் பழக்கமாகிவிடும், மோசடிக்காரர்களுக்கு வேண்டியதும் அந்தப் பழக்கம்தான்.

நகல் கேட்கும் எல்லா இடங்களுக்கும் முழு ஆதாரைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆதார் ஆணையத்தின் தளத்தில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். விடுதி, அறை உரிமையாளர், கூரியர் போன்றோருக்கு அதுவே போதும். நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்திடுவது பழைய பழக்கம்தான், இன்றும் பயனுள்ளது.

சென்னை முகவரி இல்லையே என்று கவலைப்பட்டு ஆதாரில் முகவரியை மாற்றப் பலர் ஓடுகிறார்கள். வங்கியில் ஆதார் வழி மின்னணுச் சரிபார்ப்பின் மூலம் கணக்குத் தொடங்கும்போது, தற்போதைய முகவரி வேறாக இருந்தால் அதைச் சுய உறுதிமொழியாக எழுதிக் கொடுக்க ரிசர்வ் வங்கியின் விதிகளே இடமளிக்கின்றன. கிளையில் முதலில் மறுத்தாலும் இதை எடுத்துச் சொல்லிக் கேட்கலாம்.

3. அலுவலகத்தைப் பார்த்துவிட்டு, பாதையைப் பார்த்துவிட்டு, பிறகு அறை

சென்னையில் எட்டுக் கிலோமீட்டர் என்பது ரயில் பாதையை ஒட்டி இருந்தால் இருபது நிமிடம். நெரிசல் நேரத்தில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மணி நேரமும் ஆகும். தூரத்தை வைத்து அறை தேடாமல், எந்த ரயில் பாதை அல்லது பேருந்துத் தடம் அலுவலக வாசலுக்கு அருகே போகிறது என்று பார்த்துத் தேடுங்கள்.

கிண்டியில் அலுவலகம் என்றால் மெட்ரோவும் மின்சார ரயிலும் அங்கேயே நிற்பதால், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் தங்குவது வாடகைக்கும் பயணத்துக்கும் வசதி. தரமணி, டைடல் பூங்கா பக்கம் என்றால் கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயில் பாதையில் மயிலாப்பூரிலிருந்து வேளச்சேரி வரை எங்கு தங்கினாலும் சமாளிக்கலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அம்பத்தூர், பட்டரவாக்கம் ரயில் நிலையங்கள் பயன்படும். சோழிங்கநல்லூர், சிறுசேரி என்றால் ரயிலை மறந்துவிடுங்கள். அந்தச் சாலையில் இரண்டாம் கட்ட மெட்ரோவின் கட்டுமானப் பணியால் வழி குறுகியிருக்கிறது. அங்கு வேலை செய்வோர் அங்கேயே தங்குவதுதான் அறிவுடைமை, அல்லது 102, 570 போன்ற தடங்களில் தொடக்க நிறுத்தத்துக்கு அருகே தங்கினால் உட்காரவாவது இடம் கிடைக்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் பெரும்பாலும் நிறுவனப் பேருந்து உண்டு. அது எந்தெந்த நிறுத்தங்களில் நிற்கிறது என்று மனிதவளப் பிரிவில் கேட்டபின் அறை பாருங்கள்.

இன்னொன்று. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளில் தரைத்தள அறை வாடகை குறைவாகக் கிடைத்தால், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்வீட்டாரிடமோ மூலைக் கடைக்காரரிடமோ கேளுங்கள். உரிமையாளரிடம் கேட்டால் ‘வாசலோடு நின்றுவிட்டது’ என்றுதான் பதில் வரும்.

4. இணையத்தில் அறை தேடும்போது

பெரும்பாலான ஏமாற்று இந்தப் படியில்தான் நடக்கிறது. நல்ல அறை, குறைந்த வாடகை, சில படங்கள். அழைத்தால், தாம் ராணுவத்தில் இருப்பதாகவோ வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டதாகவோ ஒருவர் இனிமையாகப் பேசி, தன் அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவார். வீட்டைப் பார்க்க ‘கேட் பாஸ்’ கட்டணம் கட்ட வேண்டும், அது திரும்பக் கிடைக்கும் என்பார். அல்லது இன்னும் இருவர் கேட்கிறார்கள், ஒரு மாத வாடகையை அனுப்பினால் உங்களுக்கே நிறுத்தி வைக்கிறேன் என்பார். அந்த அடையாள அட்டை முன்பு ஏமாந்த யாரோ ஒருவருடையதாக இருக்கும். அறைக்குள் நின்று, குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்கும்வரை ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

ஆகவே முதல் இரண்டு வாரங்களுக்கு நண்பர் அறை, உறவினர் வீடு, நாள் வாடகை விடுதி என ஏதாவது ஒன்றில் தங்கிக்கொண்டு, சனி ஞாயிறுகளில் நேரில் அலைவதே பாதுகாப்பானது. ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இன்றும் இந்த இடைக்காலத்துக்கு உதவுகின்றன. பெண்களுக்குத் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் தமிழக அரசின் தோழி விடுதிகள் உள்ளன. இடம் சீக்கிரம் நிரம்பிவிடுவதால் பணி ஆணை கிடைத்த உடனே விண்ணப்பியுங்கள். தனியார் பெண்கள் விடுதி என்றால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டும்படி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தனி வீடு எடுத்தால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்து அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பதே சட்டத்தின் பொது விதி என்றாலும், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளலாம் என்ற விலக்கும் அதிலேயே இருப்பதால், பேரம் பேசும் பொறுப்பு உங்களுடையதாகிறது. புரோக்கர் மூலம் போனால் ஒரு மாத வாடகை அவருக்குத் தரகாகப் போகும். தங்கும் விடுதிகளில் கவனிக்க வேண்டியது வேறு: காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, அட்வான்ஸில் ‘பராமரிப்பு’ என்று எவ்வளவு பிடிப்பார்கள், ஊருக்குப் போகும் நாள்களுக்கு உணவுக் கட்டணம் கழிக்கப்படுமா. இந்த மூன்றுக்கும் பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

கையிருப்பைப் பொறுத்தவரை, மாதக் கடைசியில் வேலையில் சேர்ந்தால் அந்தச் சில நாள்களின் சம்பளம் அடுத்த மாதச் சம்பளத்தோடுதான் வரும். எனவே அட்வான்ஸ் நீங்கலாக, ஒன்றரை மாதச் செலவுக்கான பணத்தோடு வாருங்கள்.

5. வந்து இறங்கும் நாள்

தென் மாவட்ட அரசு விரைவுப் பேருந்துகள் இப்போது கோயம்பேடு வரை போவதில்லை. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து தாம்பரம், கிண்டி, கோயம்பேடு பக்கம் மாநகரப் பேருந்துகள் உண்டு. தாம்பரம் வரை பேருந்தில் வந்து மின்சார ரயிலுக்கு மாறுவது பல இடங்களுக்கு விரைவான வழி. ரயிலில் வருகிறவர்கள் தென்சென்னையில் தங்குவதாக இருந்தால், வண்டி தாம்பரத்தில் நிற்கிறதா என்று பார்த்து அங்கேயே இறங்கிவிடுங்கள். எழும்பூர் வரை போய்த் திரும்பி வருவது மூட்டை முடிச்சுகளோடு வீண் அலைச்சல்.

முனைய வாசலில் ‘பேருந்து இப்போது கிடையாது’ என்று சொல்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு வண்டிக்கு ஆள் பிடிப்பவராக இருப்பார். உள்ளே மாநகரப் பேருந்து நடைமேடைக்குச் சென்று நீங்களே பாருங்கள்.

6. அன்றாடப் பயணம்

மெட்ரோவில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். கைபேசியில் கியூஆர் டிக்கெட் எடுத்தாலும், சிங்காரச் சென்னை அட்டையைப் பயன்படுத்தினாலும் 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு. அந்த அட்டை மாநகரப் பேருந்துகளிலும் செல்லும். மெட்ரோவின் பழைய பயண அட்டையை யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் அதை ரீசார்ஜ் செய்ய முடியாது. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட் தரும் சென்னை ஒன் செயலி 2025 செப்டம்பரில் வந்தது. இரண்டு வண்டி மாறிப் போகிறவர்களுக்கு அது வசதி.

மின்சார ரயில்தான் இந்த நகரத்தின் மலிவான பயணம். ஒரு மாத சீசன் டிக்கெட்டின் விலை ஏறத்தாழ பதினைந்து தனிப் பயணங்களின் கட்டணத்துக்குச் சமம் என்பதால், முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். இங்கே புதியவர்கள் சிக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, கூட்டம் இல்லாத பெட்டி என்று நம்பி முதல் வகுப்பிலோ பெண்கள் பெட்டியிலோ ஏறிவிடுவது. முதல் வகுப்புப் பெட்டி புதியவர்களுக்கு எளிதில் வேறுபட்டுத் தெரியாது, பக்கவாட்டில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டு ஏற வேண்டும். முதல் வகுப்பில் உரிய டிக்கெட்டின்றிப் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். இரண்டாவது, ஏசி மின்சார ரயிலுக்குக் கட்டணம் தனி, சாதாரண சீசன் டிக்கெட் அதில் செல்லாது. மூன்றாவது, ரயில்வேயின் செயலியில் டிக்கெட் எடுக்காமல் நடைமேடைக்கு வந்துவிடுவது: ரயில் பாதைக்கு மிக அருகில் நின்றால் காகிதமில்லா டிக்கெட்டை அந்தச் செயலி வழங்காது. நிலையத்துக்குள் நுழையும் முன் எடுத்துவிடுங்கள்.

மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனாலும் நடத்துநரிடம் கட்டணமில்லாப் பயணச்சீட்டை வாங்கி வைத்திருக்க வேண்டும். விரைவு, சொகுசு, ஏசிப் பேருந்துகளில் அனைவரும் கட்டணம் செலுத்த வேண்டும். 1,000 ரூபாய் மாதப் பாஸில் ஏசி அல்லாத பேருந்துகளிலும், 2,000 ரூபாய் பாஸில் ஏசி உட்பட எல்லாவற்றிலும் விருப்பம்போல் பயணிக்கலாம். மாதம் 26 வேலைநாள் என்று கொண்டால், ஒரு வழிக்கு ஏறத்தாழ 20 ரூபாய்க்கு மேல் ஆகிறவர்களுக்கே 1,000 ரூபாய் பாஸ் லாபம். ஒரு வாரம் சீட்டு வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆட்டோவுக்கு ஊபர், ஓலா, ரேபிடோ, நம்ம யாத்ரி ஆகிய செயலிகளில் கட்டணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டி எண் செயலியில் உள்ளதோடு ஒத்துப்போனால் மட்டும் பயண ஓடிபியைச் சொல்லுங்கள். ‘செயலியில் ரத்து செய்துவிடுங்கள், நேரடியாகப் போகலாம்’ என்பதை, குறிப்பாக இரவில், ஏற்காதீர்கள். அந்தப் பயணத்துக்கு எங்கும் பதிவு இருக்காது. பயணத் தடத்தை வீட்டில் ஒருவருக்குப் பகிர்ந்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181. தமிழகக் காவல்துறையின் காவல் உதவி செயலியையும் முன்பே நிறுவிப் பதிவு செய்து வைத்திருங்கள்.

7. கைபேசியும் கணக்கும்

பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. அறை அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து எண்ணைப் போடுங்கள் என்றால், அந்த நொடியில் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். சம்பளக் கணக்கை யுபிஐயோடு இணைக்காமல், சிறிய தொகை உள்ள இன்னொரு கணக்கை இணைத்து வைப்பது என் வழக்கம். இழப்பு நேர்ந்தாலும் அந்த அளவோடு நிற்கும்.

தனியாக அறையில் இருப்பவர்களைக் குறிவைத்து வருவது ‘டிஜிட்டல் கைது’ அழைப்பு. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோ அழைப்பை விட்டு நகரக்கூடாது என்று சீருடையில் ஒருவர் மிரட்டுவார். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைது முறையே கிடையாது. அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பக்கத்து அறைக்காரரிடம் போய்ப் பேசுங்கள். மனிதரோடு பேசிவிட்டாலே பாதிப் பயம் போய்விடும்.

டெலிகிராமில் விடுதிகளுக்கு மதிப்பெண் இட்டால் பணம் என்று தொடங்கும் பகுதிநேர வேலை, முதலில் சில நூறு ரூபாயை உண்மையாகவே தரும், பிறகு ‘பெரிய பணி’க்கு முன்பணம் கேட்கும். இதைவிட ஆபத்தானது, உங்கள் வங்கிக் கணக்கைச் சில நாள் பயன்படுத்தக் கொடுத்தால் கமிஷன் என்பது. அதன் வழியே மோசடிப் பணம் போனால் கணக்கு முடங்கும், வழக்கில் உங்கள் பெயர் சேரும், வேலையும் போகலாம். அறைத்தோழரே கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் உள்ளன என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். உங்களுடையது அல்லாததை அங்கேயே புகாரளிக்கலாம். கைபேசி தொலைந்தால், காவல் நிலையப் புகாரின் நகலோடு அதே தளத்தில் கருவியை முடக்க முடியும். கருவியை அடையாளம் காட்டும் அதன் ஐஎம்இஐ எண்ணை இப்போதே ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். காரணமின்றி சிக்னல் மணிக்கணக்கில் இல்லாமல் போனால், உங்கள் எண்ணில் வேறொருவர் சிம் வாங்கியிருக்கக்கூடும். உடனே தொலைத்தொடர்பு நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள்.

8. பணம் போய்விட்டால்

முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுமுன் முடக்க முடியும் என்பதால் தொடக்க நிமிடங்களே முக்கியம். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழு விவரத்தையும் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத இடங்களில், மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்புப் பொறுப்பில்லை என்கிறது. நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தால், தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு உங்களுடையது. அதற்குப் பின் நடப்பது வங்கியின் பொறுப்பு. எனவே எந்த நிலையிலும் தாமதிக்கக்கூடாது. உரையாடல்களையும் எண்களையும் வெட்கத்தில் அழித்துவிடாதீர்கள், அவைதான் சான்று.

போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று சில நாள்களில் இன்னொரு அழைப்பு வரும். அதுவும் மோசடியே.

9. முதல் சம்பளம் வந்த பின்

சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி, வருங்கால வைப்புநிதிக்குப் பிடித்த தொகை அங்கே வரவாகியிருக்கிறதா என்று அடுத்த மாத இறுதியில் மத்திய அரசின் உமாங் செயலியில் பாருங்கள். சீட்டில் மட்டும் பிடித்தம் காட்டிக் கணக்கில் கட்டாத நிறுவனங்கள் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடிக்கும் தொழில்வரி அதிகபட்சம் 1,250 ரூபாய். அந்த மாதம் சம்பளம் குறைந்து வருவதற்கு அதுதான் காரணமாக இருக்கும். நிறுவனம் மாறினாலும் வைப்புநிதிக்கான யுஏஎன் எண் ஒன்றேதான். அடுத்த வேலையில் புதிய எண் உருவாக்க அனுமதிக்காமல், பழைய எண்ணையே கொடுங்கள்.